குகேஷ் பக்கத்தைத் திருத்தப் போகிறீர்களா? சேலத்துப் புதியவர்களுக்கு ஒரு விக்கிப்பீடியா வழிகாட்டி

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் போட்டி நடக்கும் எந்தப் பள்ளிக்குப் போனாலும் வராந்தாவில் பெற்றோர் கூட்டம் இருக்கும். பிள்ளைகள் உள்ளே ஆடுவார்கள். அடுத்த ரவுண்டில் யார் யாரோடு ஆடுவது என்ற பேரிங் பட்டியல் ஒட்டும்வரை அப்பா அம்மாக்கள் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் இறங்கி வந்தவர்கள் பரிசளிப்பு முடியும்வரை அங்கேயேதான். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்கு. அப்புறம், தமிழில் ஏதாவது எழுதிச் சேர்க்க வேண்டும் என்று நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அவ்வளவையும் எழுதியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அதிலுள்ள சதுரங்க வீரர்களின் பக்கங்களைத்தான் நம் பிள்ளைகள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கும் ஆல்பம் ஒட்டுவதற்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு தேதி தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அப்படியே மேடை ஏறும். அதனால்தான் இந்தப் பக்கங்களை ஆசையோடு மட்டும் அல்லாமல் கவனத்தோடும் தொட வேண்டும் என்கிறேன். 2024இல் உலக சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷின் வாழ்க்கைப் பக்கத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆனந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி என்று யார் பக்கமானாலும் முறை இதுதான்.

கணக்கு தொடங்குவது

கணக்கு இல்லாமலும் பெரும்பாலான பக்கங்களைத் திருத்தலாம். ஆனாலும் தொடங்கிவிடுங்கள். நீங்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் ஒரே பெயரில் சேரும், உங்களிடம் எதையாவது கேட்க நினைப்பவர் உங்கள் பேச்சுப் பக்கத்தில் எழுத முடியும். சொந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, புனைபெயர் போதும். பயிற்சி மையத்தின் பெயரையோ பள்ளியின் பெயரையோ வைக்காதீர்கள். ஒரு கணக்கு ஒரு ஆளுக்கு மட்டும்தான்.

கல்லூரியில் பயிலரங்கு நடத்த நினைப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு புதிய கணக்குகள்தான் தொடங்க முடியும். முப்பது மாணவர்கள் ஒரே வைஃபையில் உட்கார்ந்து முயன்றால் ஏழாவது ஆளுக்கே கதவு சாத்திவிடும். முதல் நாளே அவரவர் வீட்டில், அவரவர் போனில் கணக்கு தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

எழுதுவதற்குப் போனில் ஏற்கெனவே உள்ள தமிழ் விசைப்பலகை போதும். கணினி என்றால் விக்கிப்பீடியாவிலேயே தமிழ்99, ஒலிபெயர்ப்பு என்று தட்டச்சு முறைகள் இருக்கின்றன. ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் நேராகத் தொகுப்புப் பெட்டியில் நீளமாக எழுதாதீர்கள். போன் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, நல்ல சிக்னல் கிடைக்கும்போது ஒட்டுங்கள்.

கை வைப்பதற்கு முன் மூன்று தாவல்கள்

கட்டுரையைத் திறந்ததும் தொகு பொத்தானைத் தேடாதீர்கள். முதலில் கட்டுரையை முழுதாகப் படியுங்கள். அடுத்து ‘உரையாடல்’ தாவல். நீங்கள் மாற்ற நினைக்கும் விஷயத்தை ஏற்கெனவே யாராவது பேசி முடித்திருக்கலாம். மூன்றாவது ‘வரலாறு’. இது சதுரங்கக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்: போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர் ஷீட்டில் எழுதுவது போல, கட்டுரையில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அங்கே வரிவரியாக இருக்கும். ஒரு வரி இரண்டு மூன்று முறை சேர்க்கப்பட்டு நீக்கப்பட்டிருந்தால், அங்கே ஒரு தகராறு ஓடுகிறது என்று அர்த்தம். புதியவர் முதல் நாளே அந்த வரிக்குள் போக வேண்டியதில்லை.

உங்கள் கணக்கில் ‘மணல்தொட்டி’ என்று ஒரு பக்கம் உண்டு. பழகுவதற்கென்றே இருப்பது. தடித்த எழுத்து, இணைப்பு, மேற்கோள் எல்லாவற்றையும் அங்கே போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

தொகுப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்றில் பக்கம் படிக்கும்போது தெரிவது போலவே தெரியும், வேர்டு கோப்பில் எழுதுவது மாதிரி. மற்றொன்றில் அடைப்புக்குறிகளும் குறியீடுகளுமாக மூல வடிவம் தெரியும். புதியவர்கள் முதல் வழியிலேயே இருங்கள். வலது பக்கம் பிறந்த தேதி, பட்டம், தரப்புள்ளி (ரேட்டிங்) எல்லாம் இருக்கும் தகவற்சட்டத்தை மட்டும் அவசரப்பட்டுக் கலைத்துவிடாதீர்கள். அதில் சில விவரங்கள் விக்கித்தரவு என்ற வேறு தளத்திலிருந்து தானாக வந்து நிற்கலாம்.

சான்று இல்லாத வரி நிற்காது

எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இது. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு தகவலுக்கும், படிப்பவர் போய்ச் சரிபார்க்கும்படி ஓர் ஆதாரம் வேண்டும். ‘எனக்கு நேரில் தெரியும்’, ‘போட்டியில் நானே பார்த்தேன்’ என்பது ஆதாரம் ஆகாது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று யாரும் நினைக்கவில்லை. படிப்பவர் அதைச் சரிபார்க்க முடியாது, அவ்வளவுதான்.

சதுரங்கத்தில் நல்ல சான்றுக்குப் பஞ்சமே இல்லை. பட்டம், தரப்புள்ளி, பிறந்த ஆண்டு ஆகியவற்றுக்கு சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தளத்தில் ஒவ்வொரு வீரருக்கும் பக்கம் இருக்கிறது. போட்டி முடிவுகளுக்கு அந்தப் போட்டியின் அதிகாரபூர்வ அட்டவணை. மற்றவற்றுக்கு நாளிதழ்கள், சதுரங்கச் செய்தித் தளங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது, ரசிகர் பக்கத்தில் வந்தது, தலைப்பு மட்டும் பெரிதாக உள்ள யூடியூப் துண்டு, இவை வேண்டாம். இன்னொரு விக்கிப்பீடியாக் கட்டுரையும் சான்று ஆகாது. அதிலுள்ள சான்றைத் திறந்து, நீங்களே படித்துவிட்டு, அதைக் கொடுங்கள். சில செய்திகள் விக்கிப்பீடியாவைப் பார்த்தே எழுதப்பட்டவையாக இருக்கும். விக்கிப்பீடியாவில் தப்பு, அதைப் பார்த்துச் செய்தியில் தப்பு, அந்தச் செய்தியே மறுபடி விக்கிப்பீடியாவுக்குச் சான்று என்று வட்டம் சுற்றிவிடும். வீரர் பிரபலமாவதற்கு முந்தைய பழைய செய்தி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இணையத்தில் இருந்தால்தான் சான்று என்று நினைக்காதீர்கள். நாளிதழ்களின் சேலம் பதிப்பில் மாவட்டப் பக்கத்தில் வரும் பல செய்திகள் இணையத்துக்குப் போவதே இல்லை. இதழின் பெயர், தேதி, பதிப்பு, பக்க எண் நான்கையும் கொடுத்தால் அச்சுச் செய்தியும் முழுச் சான்றுதான். பரணில் வெட்டி வைத்த தாள்கள் இருக்கிறதா? தேதி தெரியும்படி வெட்டியிருந்தால் அது பொக்கிஷம்.

மேற்கோள் சேர்க்கும் பொத்தானை அழுத்தி இணைய முகவரியை ஒட்டினால், தலைப்பும் தேதியும் பெரும்பாலும் தானாக நிரம்பும். தமிழ்ச் செய்தித் தளங்களில் இது அடிக்கடி பிசகும்: தேதி விட்டுப்போகும், ஆசிரியர் இடத்தில் தளத்தின் பெயர் விழும். ஒரு முறை பார்த்துத் திருத்திவிட்டுப் பதிப்பியுங்கள்.

எண்களில் எங்கே சறுக்குகிறார்கள்

சதுரங்க வீரர்களின் கட்டுரைகளில் தப்புகள் ஒரே மாதிரி இடங்களில்தான் நிகழ்கின்றன. அவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

‘உலகின் மிக இளைய உலக சாம்பியன் குகேஷ்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்றபோது குகேஷுக்கு 18 வயது. 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற காஸ்பரோவின் சாதனை அன்று உடைந்தது. எல்லாம் சரி. ஆனால் உக்ரைனின் ருஸ்லான் பொனமரியோவ் 2002இல் ஃபிடேயின் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கும் 18 வயதுதான், குகேஷைவிடச் சில மாதங்கள் இளையவர். 1993 முதல் 2006 வரை உலகப் பட்டம் இரண்டாகப் பிளந்து கிடந்த காலம் அது. அதனால்தான் கவனமாக எழுதுகிறவர்கள் ‘எதிர்ப் பட்டம் இல்லாத, ஒன்றுபட்ட உலகப் பட்டத்தை வென்றவர்களில் மிக இளையவர்’ என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் யாரும் அசைக்க முடியாத வரி.

ஆனந்துக்கும் இதே பிளவு பொருந்தும். அவர் ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர்: 2000, 2007, 2008, 2010, 2012. ‘தொடர்ந்து ஐந்து முறை’ என்று எழுதினால் தப்பு. 2000இல் டெஹ்ரானில் இறுதிப் போட்டி முடிந்தபோது அவர் வென்றது ஃபிடேயின் பட்டம். அன்று மறுபக்கப் பட்டம் கிராம்னிக்கிடம் இருந்தது. 2007இல் மெக்சிகோ நகரில் வென்றதிலிருந்து 2013இல் சென்னையில் கார்ல்சனிடம் தோற்கும்வரை ஒன்றுபட்ட பட்டத்தை வைத்திருந்தார். இவ்வளவையும் முதல் பத்தியில் திணிக்க வேண்டாம். உள்ளே ஒரு பத்தியில் சொன்னால் போதும்.

அடுத்து, சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரை எட்டிய வயது. 2019 ஜனவரியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டியபோது அவருக்கு 12 ஆண்டு, 7 மாதம், 17 நாள். அன்று உலகில் அவருக்கு முன்னால் இருந்தவர் கர்யாக்கின் ஒருவர்தான், அதுவும் 17 நாள் இடைவெளியில். 2021இல் அமெரிக்காவின் அபிமன்யு மிஸ்ரா இருவரையும் முந்தினார். ஆகவே ‘இரண்டாவது இளையவர்’ என்று மொட்டையாக எழுதினால் அது காலாவதியான வரி. ‘அன்றைய நிலையில் இரண்டாவது’ என்று எழுதினால் என்றைக்கும் உண்மை. ‘தற்போது’, ‘நடப்பு’, ‘சமீபத்தில்’ என்ற சொற்களைப் பார்த்தாலே ஆண்டைப் போட்டு மாற்றிவிடுங்கள். பத்து வருடம் கழித்தும் படிக்கப்போகும் பக்கம் இது.

கிராண்ட்மாஸ்டர் தேதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்று நார்ம்களும் (பட்டத்துக்குத் தேவையான அளவு சிறப்பாக ஆடிய போட்டிகள்) 2500 தரப்புள்ளியும் சேர்ந்த நாள் ஒன்று, ஃபிடே முறைப்படி பட்டத்தை உறுதி செய்யும் நாள் வேறு. வைஷாலி 2023 டிசம்பரில் ஸ்பெயினில் 2500ஐத் தொட்டார், முறையான ஒப்புதல் அடுத்த ஆண்டு வந்தது. ஒரு செய்தியில் 2023 என்றும் இன்னொன்றில் 2024 என்றும் பார்த்தால் இரண்டில் ஒன்றைப் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எது எந்தத் தேதி என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தரப்புள்ளி மாதந்தோறும் முதல் தேதி மாறும். அதனால் எப்போதும் மாதத்தோடு எழுத வேண்டும்: ‘2024 அக்டோபரில் 2794’. போட்டி நடக்கும்போது ஏறி இறங்கும் நேரடித் தரப்புள்ளி அதிகாரபூர்வமானது அல்ல, கட்டுரைக்கு அது வேண்டாம். சாதாரண ஆட்டம், வேக ஆட்டமான ரேப்பிட், அதிவேக ஆட்டமான பிளிட்ஸ் மூன்றுக்கும் தனித்தனித் தரப்புள்ளி என்பதையும் மறக்காதீர்கள்.

நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடில் பதக்கம் இரண்டு வகை: அணிக்கு ஒன்று, அந்தந்தப் பலகையில் (அணிக்குள் ஆடும் வரிசையில்) சிறப்பாக ஆடியவருக்கு ஒன்று. 2022இல் மாமல்லபுரத்தில் குகேஷ் முதல் பலகையில் தனிநபர் தங்கம் வென்றார். அவர் ஆடிய இந்தியாவின் இரண்டாவது அணிக்குக் கிடைத்தது வெண்கலம். 2024இல் புடாபெஸ்டில் அணிக்கும் தங்கம், அவருக்கும் தங்கம். இதைக் கலந்து ‘மாமல்லபுரத்தில் இந்தியா தங்கம்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாராட்டை எங்கே வைப்பது

நம் பிள்ளை ஜெயித்தால் மனசு பொங்கத்தான் செய்யும். ஆனால் கலைக்களஞ்சியத்தில் அந்தப் பொங்கலுக்கு இடம் இல்லை. ‘சதுரங்க உலகையே அதிர வைத்த தமிழகத்தின் தங்க மகன்’ என்ற வரி படிப்பவருக்கு எந்தத் தகவலையும் தரவில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘14 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் முதல் ஆட்டத்தைத் தோற்ற குகேஷ், 3ஆவது, 11ஆவது ஆட்டங்களில் வென்றார், 12ஆவதில் தோற்றார், கறுப்புக் காய்களுடன் ஆடிய கடைசி ஆட்டத்தை வென்று 7.5–6.5 என்ற கணக்கில் பட்டத்தைப் பெற்றார்.’ ஒரு அடைமொழி இல்லை. ஆனாலும் அந்தப் பையன் எவ்வளவு பெரிய காரியம் செய்தான் என்பது முழுசாகத் தெரிகிறது.

தோல்விகளையும் எழுத வேண்டும். அவற்றை ஒளித்தால் வெற்றிகளின் எடையும் குறைந்துவிடும். 2013 தோல்வி இல்லாத ஆனந்த் கட்டுரையை யார் நம்புவார்கள்?

குகேஷ் வென்ற அன்று அவர் தமிழரா தெலுங்கரா என்று சமூக ஊடகங்களில் பெரிய சண்டை. பக்கத்தில் அதற்கு விடை தேட வேண்டாம். சென்னையில் பிறந்தார், தெலுங்கு பேசும் குடும்பம், இந்தியாவுக்காக ஆடுகிறார்: மூன்றும் உண்மை, மூன்றுக்கும் சான்று இருக்கிறது, மூன்றையும் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். சாதியைச் சேர்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இளைஞர் ஒருவரின் பக்கத்தில் யாரோ ஒருவர் அனுமானத்தில் சாதி எழுதுவது அவருக்குச் செய்யும் கெடுதல். கண்ணில் பட்டால் நீக்கிவிட்டு, பதிப்பிக்கும்போது வரும் சுருக்கப் பெட்டியில் காரணம் எழுதுங்கள். வீட்டு முகவரி, தொலைபேசி எண், உறவினர்களின் சொந்த விவரங்கள் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். வாழும் ஒருவரைப் பற்றிய பக்கத்தில் சான்றில்லாத பாதகமான வரி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.

பதிப்பிக்கும்போது

ஒரு தடவைக்கு ஒரு விஷயம். பிறந்த தேதி, ஒலிம்பியாட், விருதுகள் மூன்றையும் ஒரே தொகுப்பில் மாற்றினால், ஒன்றில் பிழை இருந்தாலும் மூன்றும் சேர்ந்து போய்விடும். பதிப்பிக்கும் முன் சுருக்கப் பெட்டியில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி: ‘2022 ஒலிம்பியாட் தனிநபர் பதக்கம், சான்றுடன்’. முன்தோற்றம் பாருங்கள். அப்புறம் பதிப்பியுங்கள்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது முடிவை எழுதாதீர்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு வந்து, செய்திகள் வெளியாகட்டும். ஓர் இரவு பொறுத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்த்தால் அதைச் சுருக்கத்தில் சொல்லுங்கள், விக்கிப்பீடியாவின் உரிமம் அதைக் கேட்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். சத்தமாகப் படித்துப் பார்த்து, வாய்க்கு வராத வாக்கியத்தை உடைத்து எழுதுங்கள். நாளிதழ்ச் செய்தியை வரிக்கு வரி எடுத்துப் போடுவது காப்புரிமை மீறல். தகவலை எடுத்துக்கொண்டு உங்கள் வாக்கியத்தில் எழுத வேண்டும்.

படமும் அப்படித்தான். கூகுளில் கிடைக்கும் படம் நம் படம் அல்ல. வீரரே அனுப்பிய படமானாலும் உரிமை பொதுவாக எடுத்தவருடையது. நீங்களே ஒரு போட்டியில் எடுத்த தெளிவான படம் இருந்தால் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம்.

கட்டுரையின் தலைப்பை மாற்ற வேண்டாம். ஷ, ஸ எழுத்துகளை வைப்பதா விடுவதா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடங்களாக ஓடும் விவாதம். வேறு எழுத்துக்கூட்டலில் தேடுபவர்களும் பக்கத்துக்கு வந்து சேர ஒரு வழிமாற்று போட்டால் போதும்.

உங்கள் திருத்தத்தை யாராவது நீக்கினால்

பதறாதீர்கள், கோபப்படாதீர்கள். வரலாற்றில் அவர் எழுதிய காரணத்தைப் படியுங்கள். பெரும்பாலும் சான்று இல்லை என்றோ நடை சரியில்லை என்றோ இருக்கும். சரி செய்து மறுபடி சேர்க்கலாம். உடன்பாடு இல்லை என்றால் உரையாடல் பக்கத்தில் எழுதி, கடைசியில் நான்கு அலைக்குறிகள் (~~~~) போடுங்கள், உங்கள் பெயரும் நேரமும் தானாக வரும். நீக்குவதும் சேர்ப்பதுமாக மல்லுக்கட்டினால் கணக்குத் தடைபடும். பதில் வரவில்லையா, விக்கிப்பீடியாவின் ஒத்தாசைப் பக்கத்திலோ, பொது உரையாடல் இடமான ‘ஆலமரத்தடி’யிலோ கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் புதியவர்களுக்கு உதவுகிறவர்கள்.

நம் ஊர்ப் பிள்ளையைப் பற்றி எழுதலாமா

இது என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி. மாவட்டப் போட்டியில் முதலிடம், மாநிலப் போட்டியில் பதக்கம். ஒரு பக்கம் தொடங்கலாமா? இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். வீரரோடு தொடர்பில்லாத நம்பகமான இதழ்கள் பல அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஒரு முடிவுப் பட்டியலில் பெயர் வருவது போதாது. அதைவிட முக்கியம், பத்து வயதுக் குழந்தையின் பெயர், பிறந்த நாள், பள்ளி எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு பக்கத்தில் வைப்பது அந்தக் குழந்தைக்கு நல்லதல்ல. பெரியவராகி, பெயரெடுத்து, பக்கம் உருவான பின்னும் பெற்றோரோ பயிற்சியாளரோ அதை நேரடியாகத் திருத்தாமல் உரையாடல் பக்கத்தில் தங்கள் உறவைச் சொல்லி, மாற்றத்தைக் கேட்பதே முறை.

அந்த உற்சாகத்தைப் பழைய தலைமுறையின் பக்கம் திருப்பலாம். மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர், ஒன்பது முறை தேசிய சாம்பியன், 1962இல் ஸ்டாக்ஹோமில் போர்ட்டிஷையும் உல்மானையும் தோற்கடித்தவர். விஜயலட்சுமி, பெண்களுக்கான தனிப் பட்டமான ‘பெண் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்தை இந்தியாவில் முதலில் பெற்றவர். இவர்கள் ஆடிய ஆண்டுகளின் தமிழ்ச் செய்திகள் இணையத்தில் அதிகம் கிடைக்காது, தாளில்தான் இருக்கும். சேலம் மாவட்ட மைய நூலகத்தில் அந்த ஆண்டுகளின் இதழ்த் தொகுப்புகள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், கல்லூரி நூலகங்களையும் விடாதீர்கள். போகும்போது ஆண்டையும் போட்டியின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள். செய்தி கிடைத்தால் தேதி, பக்க எண்ணோடு எழுதி வந்து, மணல்தொட்டியில் முதல் பத்தியைத் தொடங்கிவிடலாம்.